கூடைக்குப் பக்கத்தில்

"கூடை நெறைஞ்சா கூப்புடக் கூடாதா?"

"எதுக்குக் கூப்புடணும்? பக்கத்துல நின்னா போதும். நான் வந்து தூக்கி வுடுவேன்."

"நீ அந்தாண்ட பாத்துக்கினு இருந்தா?"

"இருந்தா இன்னா, திரும்ப மாட்டனா? உப்பளத்துல யாரும் வாயத் தொறந்து தூக்கி வுடுன்னு கேக்க மாட்டாங்கடி. கேட்டா அசிங்கம். ஒருத்தி நெறைஞ்ச கூடைக்குப் பக்கத்துல நிக்கிறான்னா எதுக்கு நிக்கிறான்னு தெரியாதா? கண்ணு இல்லியா எங்களுக்கு?"

வைஜெயந்தி கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த வருஷம், உப்பளத்தில் முதல் நாள், மங்கம்மா சொன்னது அது. மங்கம்மாவும் அப்போது புதுப்பெண்தான். ஒரு வருஷம் முன்னால் வந்தவள், அவ்வளவே. நிறைந்த உப்புக்கூடையை யாராலும் தனியாகத் தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே ஒருத்தி குனிந்து மறு விளிம்பைப் பிடிக்க வேண்டும். அதனால் அங்கே பெண்களுக்கு எப்போதும் ஜோடி வேலைதான். ஒருத்தி உப்பைக் குவிக்கும் அம்பாரத்தில் கொட்டிவிட்டு வருவதற்குள் இன்னொருத்தி வாரி நிரப்பிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையில் தலைக்கு வைக்கும் சும்மாட்டோடு நிற்பாள். வந்தவள் தூக்கிவிடுவாள். நின்றவள் போவாள். வைஜெயந்தியும் மங்கம்மாவும் அன்றைக்கு ஜோடி சேர்ந்தார்கள். இந்த மாசி வரைக்கும் அது மாறவில்லை.

இப்போது வைஜெயந்தி தன் வீட்டு வாசலில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். புயலுக்குப் பிறகு ஒரு நாள் வடிந்தது; பிறகு ஏரிகளைத் திறந்துவிட்டார்கள் என்றார்கள், கழுவெளிச் சதுப்புப் பக்கமிருந்து மறுபடி ஏறி வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து, கதவு வரைக்கும் வந்து, முட்டிக்கொண்டு, திரும்ப உள்ளே போனது. காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் அசைகிற ஒரே பொருள் அது.

எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். எச்சரிக்கை வண்டி மைக்கில் சொல்லிக்கொண்டு போன அன்று மத்தியானம், டி.வி.யும் மிக்ஸியும் கேஸ் சிலிண்டருமாகத் தெருவே கிளம்பியது. பக்கத்து வீட்டுப் பச்சமுத்து தன் பிரிட்ஜைத் தலைகீழாகத் தள்ளுவண்டியில் கட்டியபடியே கேட்டான். "யக்கா, நீங்க வரலியா? அண்ணன் எப்பிடி?"

"நீங்க போங்க. பொண்ணு வர்றேன்னிருக்கா. பாத்துக்கறோம்."

அப்படித்தான் சொன்னாள். பிரியங்கா ஒரகடத்தில் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். ரோடெல்லாம் அடைத்த பிறகு எப்படி வருவாள் என்று பச்சமுத்துவும் கேட்கவில்லை, இவளும் யோசிக்கவில்லை. சொல்லிவிட்டு, வாசலில் ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றாள். தள்ளுவண்டி முக்கில் திரும்பும்வரை நின்றாள்.

"வைஜி."

உள்ளேயிருந்து புருஷன் நடராசன் கூப்பிட்டான். வாதம் வந்ததிலிருந்து அவன் பேச்சு, வாயில் வெற்றிலை அடக்கியவன் பேசுவது மாதிரி இருக்கும். வலது கையும் காலும் அசையாது. மாசி மாசம் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன், மூட்டையோடு அப்படியே உட்கார்ந்தான். அளத்துக்காரர்கள் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து யாரும் வரவில்லை.

"இன்னாய்யா?"

"மேல... பாரு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கட்டிலுக்கு நேர் மேலே இரண்டு சிமெண்ட் ஷீட்டைக் காற்று கொண்டுபோயிருந்தது. அந்த ஓட்டையில் அவள் ஒரு பிளக்ஸ் பேனரை இழுத்துக் கட்டியிருந்தாள். புயலில் பறந்து வந்து முருங்கை மரத்தில் மாட்டியிருந்த கல்யாண பேனர். யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் ரோஜா மாலையோடு கட்டிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் வயிற்றில் தண்ணீர் தேங்கித் தொங்கியது.

"மாப்ளைக்கு... தொப்பை."

"நீ ஒண்ணும் கம்மியா இல்ல. படுத்தே தின்னுட்டு."

"அந்தப் பொண்ணு... என்னியே பாக்குது."

"பாக்கட்டும். வந்து தொடைச்சி வுடச் சொல்லு. நான் கொஞ்சம் படுக்கறேன்."

அவன் இடது பக்க வாயால் சிரித்தான். அவள் ஒரு கம்பால் மாப்பிள்ளையின் வயிற்றை ஓரமாகத் தள்ளினாள். தண்ணீர் சுவரோரம் கொட்டியது.

கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் செங்கல். தண்ணீர் உள்ளே வந்த அன்று, தோளைக் கட்டில் சட்டத்துக்குக் கீழே கொடுத்து முட்டித் தூக்கி, தூக்கின இடைவெளியில் காலால் கல்லைத் தள்ளி வைத்தாள். ஒரு கால் ஏறும்போது அவன் மறுபக்கம் சரிந்தான். சேலையால் அவனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு அடுத்த காலுக்குப் போனாள். "நம்ம... போட்டு ஹவுசு" என்றான் அவன். கேரளாவுக்கு டூர் கூட்டிப்போகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னவன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சமையல்மேடை மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

கட்டிலை உயர்த்த முடிந்தது. அவனைத்தான் முடியவில்லை. படுக்கை நனைந்திருந்தது. முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்பு இருக்கும் இடத்தில், ஒரு புண் வாய் திறந்திருந்தது. அவனைப் புரட்டி, ஈரத்தை எடுத்துவிட்டு, காய்ந்ததைப் போட வேண்டும். மற்ற நாளில் விரிப்பைப் பிடித்து இழுத்து எப்படியோ புரட்டிவிடுவாள். ஈரக் கோணி மாதிரி ஊறின மெத்தையில் அது முடியவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று தோளைப் பிடித்தால் போதும். ஒரு ஆள்.

தண்ணீர் வடிந்திருந்த அந்த ஒரு நாளில் அவள் பள்ளிக்கூடம் வரைக்கும் போனாள். வராந்தாவில் பச்சமுத்துவும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தூணில் சாயாமல், சேலைத் தலைப்பைச் சும்மாடு மாதிரி கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் பேச்சு கரண்ட் எப்போது வரும், எந்தக் கட்சிக்காரன் எவ்வளவு பாய் கொடுத்தான் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"யக்கா, சாப்பாடு வாங்கலியா? அந்தக் கடைசி ரூம்ல குடுக்கறாங்க, போ" என்றான் பச்சமுத்து. "அண்ணன பொண்ணு வூட்டுக்கு அனுப்பிட்டியாமே. நல்லதாப் போச்சு போ."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து அவள் கையில் இரண்டு சாம்பார்சாதப் பொட்டலத்தைத் திணித்து, "நகரும்மா, வழியில நிக்காத" என்றாள். வராந்தாவிலிருந்தவர்கள் எழுந்து வரிசைக்குப் போனார்கள். பொட்டலத்தோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம்தான் தண்ணீர் மறுபடி ஏறியது.

நாற்காலி எதிர்வீட்டு வாசலுக்கு மறுபடியும் வந்தபோது, தெருமுனையில் பேச்சுக்குரல் கேட்டது. நாலைந்து பேர், தோளில் சாக்குப்பைகளோடு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வந்தார்கள். முன்னால் ஒரு பெண். தலையில் முக்காடு, அதன் மேல் மழைக்கோட்டின் தொப்பி.

"ஆன்ட்டி! இந்தத் தெருவுல யாரும் இல்லன்னாங்க. நீங்க மட்டுமா இருக்கீங்க?"

"ஆமா."

"யா அல்லாஹ்." அவள் மூச்சு வாங்கினாள். "நாங்க கோட்டக்குப்பத்துலேர்ந்து வர்றோம். எம்பேரு சாயிரா. இவங்கல்லாம் எங்க தெருப் பசங்க. இந்தாங்க, பிரெட், பால் பவுடர், மெழுகுவர்த்தி, கொசுவத்தி. இதுல அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் இருக்குது."

"உப்பா?"

"உப்புதான் ஆன்ட்டி. இன்னா?"

வைஜெயந்தி பையைப் பிரித்து அந்தப் பாக்கெட்டை வெளியே எடுத்துப் பார்த்தாள். பின்னாலிருந்த பையன்களில் ஒருவனுக்கு எட்டியது; "ஏய், உப்பளத்துக்காரங்களுக்கே உப்பு குடுக்கறோம்பா" என்று சிரித்தான். சாயிரா அவனை முறைத்தாள். வைஜெயந்தியும் சிரித்துவிட்டாள். இத்தனை நாளில் வேறொருத்தரோடு சேர்ந்து சிரித்தது அதுதான்.

"உங்க போன்ல சார்ஜ் இருக்குதா?"

"செத்துப் போச்சும்மா."

"குடுங்க." சாயிரா மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு பவர் பேங்கை எடுத்துச் செருகினாள். "நாங்க அந்தக் கோடி வீடு வரைக்கும் பாத்துட்டுத் திரும்பறோம். அதுக்குள்ள கொஞ்சம் ஏறும். எங்க வூட்லயும் தண்ணி வந்துடுச்சு ஆன்ட்டி. அண்ணன் துபாய்ல. அம்மாவை மாடியில வுட்டுட்டு வந்திருக்கேன். சும்மா ஒக்காந்திருக்க முடியல."

திரும்பி வந்தபோது அவள் போனைக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள். "வேற எதுனா வேணுமா ஆன்ட்டி? மாத்திரை, துணி, எதுன்னாலும் சொல்லுங்க."

அந்தப் பையன்கள் நாலு பேரும் நல்ல உயரமாக, தோள் அகலமாக இருந்தார்கள். சாக்கெல்லாம் காலியாகி, வெறும் கையோடு நின்றார்கள். வைஜெயந்தி வாசலில் இரண்டு நிலையையும் பிடித்துக்கொண்டு, கதவை அடைத்தபடி நின்றாள். பின்னால் இருட்டில் நடராசன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து அவனைச் சுத்தம் செய்யவில்லை. நாற்றம் அவளுக்கே தெரிந்தது. மூட்டை ஏற்றும்போது யார் கையும் வேண்டாம் என்பவன். உடம்பில் துணி இல்லாமல், ஒரு சின்னப்பெண் முன்னால்.

அவள் ஒரு கையை நிலையிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்தாள். சாயிராவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி?"

"ஒண்ணும் வேணாம்மா. நல்லாருங்க."

"ஒரு போட்டோ எடுத்துக்கவா? எனக்குப் புடிக்காது. ஆனா காசு குடுத்தவங்க கேக்கறாங்க."

பிரெட் பாக்கெட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவள் போட்டோவுக்கு நின்றாள். அவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு முக்குத் திரும்பிப் போனார்கள். அவர்கள் கிளப்பிவிட்ட அலை கொஞ்ச நேரம் வாசலில் தளும்பியது.

"ஏன்... சொல்லல?" என்றான் நடராசன்.

"உனக்காகத்தான்யா."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதை மட்டும் அவனால் தனியாகச் செய்ய முடியும்.

அன்று சாயங்காலம் அவன் நெற்றியில் கை வைத்தபோது சுட்டது. பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தாள். பாதி வெளியே வந்தது. அவன் பேனரைப் பார்க்கவில்லை. பேசவும் இல்லை. போனில் இருந்த கொஞ்சம் சார்ஜில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பேசினவர் பொறுமையாகத்தான் பேசினார். "தண்ணிக்குள்ள வண்டி வராதும்மா. பேஷண்ட்ட மெயின் ரோட்டுக்குக் கொண்டாந்துட்டுப் போன் பண்ணுங்க, உடனே எடுத்துக்கறோம். தூக்கறதுக்கு ஆள் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க" என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டது.

வைத்தவுடனே பிரியங்கா கூப்பிட்டாள். "அம்மா, ஸ்கூல்லதான இருக்கீங்க? அப்பாவுக்குக் காத்தோட்டமா எடம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. நீ சாப்புட்டியா?"

"அப்பாகிட்ட குடு."

"தூங்கறாரு."

அதோடு போன் அணைந்தது. அவள் அதைப் பேனருக்குக் கீழே ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

மறுநாள் விடிந்து வெயில் வந்தது. இத்தனை நாள் கழித்து வந்த வெயிலில் தண்ணீர் முழுக்கக் கண்ணாடியாகக் கூசியது. நடராசனின் உதடு வெடித்திருந்தது. தோளைத் தொட்டால் முனகினான். வைஜெயந்தி வாசலுக்கு வந்து நின்றாள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது.

அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது. புயல் வந்ததிலிருந்து அந்தத் தெருவுக்குள் வருகிற முதல் வண்டி. பெரிய சக்கரங்கள் தண்ணீரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு வந்தன. பின்னால் டிரெய்லரில் பத்துப் பன்னிரண்டு பேர், பள்ளிக்கூடத்தில் பார்த்த முகங்கள், கம்பியைப் பிடித்து நின்றிருந்தார்கள். முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில், மேஸ்திரி சக்கரபாணி.

"ஏம்மா வைஜெயந்தி! வூட்லதான் இருக்கியா? ஏறு ஏறு. பெரிய அம்பாரம் அடியில கரைஞ்சி ஓடுது. இன்னைக்கே மேட்டுக்கு மாத்தலன்னா ஒண்ணும் மிஞ்சாது. மொதலாளி நேத்துலேர்ந்து தூங்கல."

"டிராக்டரு உள்ள வருதா?" என்றாள் அவள்.

"இன்னா கேள்வி இது? வந்து நிக்குது, பாக்கலியா?" அவன் செல்போனில் எதையோ தேடிக்கொண்டே கேட்டான். "நடராசன் எப்பிடி இருக்காரு?"

"காய்ச்சல். நேத்துலேர்ந்து..."

"ம். மழைக்கு எல்லாருக்கும் காய்ச்சல்தான். பாத்துக்கோ." போனைக் காதில் வைத்தான். "ஹலோ, சார், ஏத்திக்கினு வந்துட்டேன் சார். டபுள் ஆளு சார்."

அவள் டிரெய்லரில் இருந்தவர்களைப் பார்த்தாள். பச்சமுத்து இல்லை. மீன்பிடிக் குப்பத்துப் பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் பேசிப் பழக்கமில்லை.

"மங்கம்மா வந்திருக்காளா?" என்று கேட்டாள்.

"மொதல் டிரிப்புல போயாச்சு."

உள்ளே போய் நடராசனின் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டாள். "யோவ். மங்கம்மா அங்க இருக்காளாம். கூட்டிக்கினு வந்துடறேன். தூங்கிடாத." அவன் கண்ணைத் திறந்து மூடினான். கதவை வெறுமனே சாத்திவிட்டு, டிரெய்லரில் நீட்டின ஒரு கையைப் பிடித்து ஏறினாள். யாருடைய கை என்று பார்க்கவில்லை.

உப்பளம் இருந்த இடத்தில் ஏரி இருந்தது. பாத்தியும் வரப்பும் எங்கே என்று தெரியவில்லை. நடுவே பெரிய அம்பாரம் மட்டும் வீடு மாதிரி நின்றது. அதன் மேல் புது நீலத் தார்ப்பாய். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று மடிப்பு. சுற்றிலும் மணல்மூட்டை. காற்றுக்குப் பறக்காமல் நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முளை அடித்திருந்தார்கள். புயலுக்கு முந்தின நாள் அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டினவர்களில் அவளும் ஒருத்தி. உள்ளங்கையில் அந்தக் கயிறு அறுத்த கோடு இன்னும் இருந்தது.

"ஜோடி ஜோடியா நில்லுங்க!" சக்கரபாணி கத்தினான். "மங்கம்மா, உன் ஜோடி எங்க?"

"அஞ்சலையா? புள்ளைங்கள இழுத்துக்கினு அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா."

"அப்ப நீயும் வைஜெயந்தியும் பழையபடி நில்லுங்க."

மங்கம்மா திரும்பிப் பார்த்தாள். யாரோ கொடுத்த நைட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். நைட்டியில் கரடி பொம்மைப் படம். அவள் வீடு சுவரோடு உட்கார்ந்துவிட்டது என்று டிரெய்லரில் பேசிக்கொண்டார்கள். மாசிக்கு அப்புறம் இருவரும் பேசவில்லை. நடராசனோடு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வைஜெயந்தி வேலைக்குத் திரும்பி வந்த அன்று, மங்கம்மாவுக்கு எதிரே அஞ்சலை குனிந்து கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வைஜெயந்தி கொஞ்ச தூரத்தில் போய் நின்றாள். மங்கம்மா பார்த்தாள். மேஸ்திரி அவளை வரப்புக்கு மண் அணைக்க அனுப்பினான்.

வேலை தொடங்கியது. ஈர உப்பு கல் மாதிரி கனத்தது. மங்கம்மா கொட்டிவிட்டு வந்தாள், வைஜெயந்தி கூடையோடு நின்றாள், மங்கம்மா குனிந்தாள். நான்கு கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. தலையில் உட்காரும்போது ஒரு சின்ன அசைப்பு கொடுப்பாள் மங்கம்மா, கழுத்து பிசகாமலிருக்க. அதை அவள் மறக்கவில்லை.

"அரக் கூடையோட நிக்கிற. சாமிக்குப் படைக்கவா?" மூன்றாவது நடையில் மங்கம்மாவின் வாய் திறந்தது.

"ஈர உப்பு."

"எனக்கு மட்டும் காஞ்ச உப்பா?"

அடுத்த நடையில், கூடையை ஏற்றிக்கொண்டே சொன்னாள். "ஸ்கூல்ல உன்னக் காணோம். பொண்ணு வூட்ல ஏசி ரூம்ல இருக்கேன்னு பேசிக்கினாங்க. குடுத்து வச்சவ."

"நான் எங்கயும் போகல."

மங்கம்மா போய்க் கொட்டிவிட்டு வந்தாள். வந்ததும் கேட்டாள். "அப்ப எங்க இருந்த?"

"வூட்ல."

"அந்தத் தண்ணியிலயா? அண்ணன்?"

"கட்டில்ல."

மங்கம்மா விளிம்பைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். "ஏண்டி, இத்தினி பேரு ஸ்கூல்ல குந்திக்கினு சீட்டு ஆடிக்கினு இருந்தானுங்களே. ஒருத்தன்கிட்டயாச்சும் சொன்னியா?"

"போய் நின்னேன்."

"நின்னியா?"

"அங்க இன்னா மாநாடு?" சக்கரபாணியின் குரல் வந்தது. "உப்பு கரையுது, இவளுங்க கத பேசறாளுங்க!"

வைஜெயந்தி கூடையைத் தலையில் வாங்கிக்கொண்டு நடந்தாள். மேட்டில் டிராக்டர் நின்றிருந்தது. லாரி வரும் ரோட்டுக்கு உப்பைக் கொண்டுபோக டிரெய்லரைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அடியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் புதுத் தார்ப்பாயை விரித்து, மூலைகளை மடித்துவிட்டார்கள். ஈரம் ஏறாமலிருக்க வைக்கோல் கனமாக இருக்கட்டும் என்றான் டிரைவர். இரண்டு ஆண்கள் இன்னும் ஒரு கட்டுப் பிரித்துப் போட்டார்கள். ஒருவன் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான், மெத்தையை அழுத்திப் பார்ப்பது மாதிரி.

கொட்டிவிட்டுக் காலிக் கூடையோடு அவள் அங்கேயே நின்று அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள். மங்கம்மாவுக்குத் தூக்கிவிட்டாள். தன் கூடையை நிரப்பினாள். இந்தத் தடவை விளிம்புவரைக்கும் நிரப்பினாள். நிரப்பிவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள், இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் சும்மாடு.

மங்கம்மா வந்தாள். குனிந்தாள். விளிம்பைப் பிடித்தாள். எதிர்ப்பக்கம் கை வரவில்லை.

"இன்னாடி?"

வைஜெயந்தி மேட்டில் நின்ற டிராக்டரைப் பார்த்தாள்.

"மாசியிலயும் இப்பிடித்தான் வந்து மரம் மாதிரி நின்ன. 'அஞ்சல வேணாம், நான் வந்துட்டேன்'னு ஒரு வார்த்த வாயில வந்துதா உனக்கு? நானும் பாத்துக்கினே இருந்தேன், கேப்ப கேப்பன்னு. அன்னிக்கு ராவெல்லாம் அழுதேன், தெரியுமா?"

"நீதான சொன்ன," என்றாள் வைஜெயந்தி. "கேக்கக் கூடாதுன்னு."

மங்கம்மா கூடையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கரடி பொம்மை நைட்டியில் கையைத் துடைத்தாள். இரண்டு தடவை துடைத்தாள்.

"அது கூடைக்குச் சொன்னதுடி."

சுற்றிலும் ஜோடி ஜோடியாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். அம்பாரத்தின் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் அவர்கள் காலைச் சுற்றி ஓடியது. "அந்த ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க அங்க?" என்று சக்கரபாணி மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். வைஜெயந்தி கையிலிருந்த சும்மாட்டைக் கூடையின் மேல் போட்டாள். அவன் பக்கத்தில் வரும்வரை காத்திருக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"மங்கம்மா, எங்க வூட்டுக்கு வா. இந்த டிராக்டரும் வேணும், இன்னும் ரெண்டு பேரும் வேணும். அவரைத் தூக்கணும். என்னால தனியா முடியல."